மிதிவெடிக்கு வரைபடம் இருக்கு, மனிசருக்கு?

'பிளட்டூன்' (1986) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். சார்ஜன்ட் எலியாஸ் கையில் துப்பாக்கியோடும் டோர்ச்சோடும் நிலத்தில் இருக்கிற ஒரு பொந்துக்குள் இறங்குவார். உள்ளே என்ன இருக்கு, ஆர் இருக்கினம் என்று ஒன்றும் தெரியாது. பார்க்கிற எங்களுக்கு மூச்சு முட்டும். 'ஃபொரஸ்ட் கம்ப்'பிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பொந்து வரும். யூடியூப்பில் தேடினால் இதைப் பற்றி மணித்தியாலக் கணக்கில் வீடியோக்கள் கிடக்கு. வீடியோ கேம்களிலும் இருக்கு. வியட்நாம் யுத்தத்தில் இப்படி இறங்கினவர்களுக்குச் 'சுரங்க எலிகள்' என்று பெயர்.

அவர்களுடைய கதை உண்மையிலேயே கேட்கத் தகுந்த கதைதான். 1966 ஜனவரியில் சைகோனுக்கு வடமேற்கே கூ சி பகுதியில் அமெரிக்கர்களும் அவுஸ்திரேலியர்களும் சேர்ந்து 'கிரிம்ப்' என்ற நடவடிக்கையைத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் சுரங்க வாசலைக் கண்டால் புகை அடிப்பார்கள், இல்லாட்டி குண்டு வைத்து மூடிவிட்டுப் போவார்கள். சாண்டி மக்கிரெகர் என்ற கப்டனின் கீழ் இருந்த அவுஸ்திரேலியப் பொறியியல் படையினர்தான் உள்ளே போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் கைத்துப்பாக்கி, பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும் தொலைபேசி வயர். உள்ளே ஆயுதங்களும் கட்டுக் கட்டாக ஆவணங்களும் கிடைத்தன. பொப் போட்டெல் என்ற கோப்ரல் உள்ளே மாட்டுப்பட்டு மூச்சடைத்துச் செத்துப்போனார். பிறகு அமெரிக்கர்களும் இதற்கென்று ஆட்களைப் பழக்கினார்கள். பெரும்பாலும் ஒல்லியான, கட்டையான பெடியள். தங்களுக்கென்று பொய் லத்தீனில் ஒரு வாசகம் வேறு வைத்திருந்தார்கள். 'எலியின் பின்பக்கத்துக்குக்கூடப் பெறுமதி இல்லை' என்பதுதான் அதன் அர்த்தம்.

இதில் துப்பாக்கியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தொலைபேசி வயர்தான். உள்ளே போனவர் எத்தனை அடி போனார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று மேலே இருக்கிறவர் குறித்துக்கொள்வார். சண்டை பிடிக்கப் போனவர்கள், ஆனால் திரும்பி வரும்போது கையில் வரைபடம் இருந்தது. நிலத்துக்குக் கீழே என்ன இருக்கு என்று அறியவேண்டும் என்று ஒரு அரசு முடிவெடுத்தால் அதற்கு ஆள், காசு, கருவி எல்லாம் வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி. இப்ப மன்னாருக்கு வருவம்.

மன்னாரில் சுரங்கம் இல்லை. இருக்கவும் ஏலாது. தீவில் கொஞ்சம் ஆழமாகக் கிண்டினால் தண்ணீர் வந்துவிடும். கரையோரம் முழுக்க மணல், வெட்ட வெட்டச் சரியும். எங்கட ஆக்களுக்கு நிலத்துக்குக் கீழே என்றால் பங்கர்தான். பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு, 'எல்' வடிவத்தில் வளைத்து வெட்டினது. வளைவு ஏன் தெரியுமோ? வாசலில் செல் விழுந்தால் சன்னம் நேராக உள்ளே வரக்கூடாது. இதையெல்லாம் ஒரு புத்தகமும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாமாரும் அப்பாமாரும் தாங்களாகவே கண்டுபிடித்த பொறியியல்.

இராணுவமும் வன்னியில் நிலத்துக்குக் கீழே தேடியது, இல்லை என்று சொல்லவில்லை. புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைக் கண்டுபிடித்து, கொஞ்ச காலம் தெற்கிலிருந்து வந்த சனம் பஸ் பஸ்ஸாக வந்து பார்த்துவிட்டுப் போனது. நாலு தளம், படியால் இறங்கிப் போகலாம். 2013 ஒக்டோபரில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூ சியில் வியட்நாம்காரர் வேறு மாதிரிச் செய்தார்கள். சுரங்கங்களைச் சுற்றுலாப் பயணிகளின் உடம்புக்கு ஏற்ற மாதிரிக் கொஞ்சம் அகலமாக்கி டிக்கெட் விற்கிறார்கள். எது சரி, எது பிழை என்ற விவாதத்துக்குள் நான் இப்ப இறங்கவில்லை. எதிரியின் பொந்து என்றால் பார்க்கச் சனம் வரும், அதுமட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மன்னாரில் இண்டைக்கும் ஒவ்வொரு நாளும் நிலத்துக்குள் கை வைக்கிறவர்களைப் பார்க்கத்தான் ஆளில்லை.

மிதிவெடி அகற்றுகிறவர்களைச் சொல்கிறேன். மன்னார் மாவட்டத்தில் எம்.ஏ.ஜி. போன்ற நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களில் கன பேர் பெண்கள். அவர்களில் யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியாகத் தூக்குகிறவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. காலை வெயில் ஏற முதல் தொடங்குவார்கள். முகத்துக்குக் கனமான கண்ணாடித் தடுப்பு, நெஞ்சுக்குக் கவசம். ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை, இரண்டு பக்கமும் நிறம் பூசின தடிகள். முழங்காலில் இருந்துகொண்டு அந்த ஒரு மீற்றரை முன்னுக்கு நகர்த்த வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை செய்து, திரும்பிப் பார்த்தால் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம்தான் முடிந்திருக்கும்.

கருவியை வைத்து 'பீப்' சத்தம் கேட்டு எடுக்கிறதுதானே என்று நினைக்கலாம். அப்படி இல்லை. இராணுவம் புதைத்த பாகிஸ்தான் பி-4 மிதிவெடி பிளாஸ்டிக். உள்ளே இருக்கிற இரும்பு ஊசி முனை அளவுதான். யுத்தம் நடந்த நிலத்திலோ எங்கு பார்த்தாலும் சன்னமும் துப்பாக்கி ரவைக் கோதும். கருவி ஒன்றில் எல்லாத்துக்கும் கத்தும், இல்லாட்டி கத்த வேண்டியதுக்குக் கத்தாது. புலிகளின் ஜொனி-95 மரப்பெட்டியில் செய்தது. மரம் உக்கிப்போகும், உள்ளே இருக்கிற வெடிமருந்து உக்காது. பெட்டியின் உருவமே இல்லாமல், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அதனால்தான் இலங்கையில் வாரியால் மண்ணை வாரி எடுக்கிற ஒரு முறை உருவானது. நோர்வேஜியன் மக்கள் உதவி நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் இங்கேயே கண்டுபிடித்துச் செம்மைப்படுத்தினது. பெரிய வாரி ஒன்று, சின்ன வாரி ஒன்று. வளவில் சருகு கூட்டுகிற வாரியின் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். மேலால் அமத்தாமல், பக்கத்தால் மண்ணைக் கரைத்துக் கரைத்து எடுக்க வேண்டும். மிதிவெடி மேலே அமத்தினால்தான் வெடிக்கும் என்பதுதான் இதன் கணக்கு.

இந்த வேலை செய்கிற ஒரு அக்காவோடு கதைத்தேன். பெயர் வேண்டாம் என்றா.

"பயமா இல்லையோ அக்கா?"

"முதல் கிழமை கை நடுங்கும். பிறகு முழங்கால்தான் நோகும். பயத்தைவிட அலுப்புத்தான் ஆபத்து தம்பி. ஒண்டும் வராமல் பத்து நாள் வாரினால் பதினோராம் நாள் மனம் வேற எங்கயோ போயிடும். அப்பதான் சூப்பவைசர் வந்து தண்ணி குடிச்சிட்டு வாங்கோ எண்டு எழுப்பி விடுவார்."

எலியாஸ் பொந்துக்குள் இறங்குகிற காட்சி இரண்டு நிமிடம். அக்காவின் காட்சி பல வருடம். எந்த இயக்குநரும் இதைப் படமாக எடுக்க மாட்டார், ஏனென்றால் ஒன்றும் நடக்காமல் இருக்கிறதுதான் இதன் வெற்றி. நிலத்துக்குக் கீழே போகிறவரின் வீரம் என்று எங்களுக்குப் பழக்கப்பட்டதெல்லாம் ஒரு எதிரியைச் சந்திக்கிற வீரம். எதிரி போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிய பிறகு, அவன் விட்டுப்போன பெட்டியோடு, அதுவும் சில நேரம் 'எங்கட பக்கம்' செய்த பெட்டியோடு, தனியாக இருக்கிற பொறுமைக்கு எங்களிட்ட இன்னும் ஒரு சொல் இல்லை.

எலி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருது. கம்போடியாவில் மகாவா என்று ஒரு ஆபிரிக்கப் பை எலி இருந்தது. அப்போபோ என்ற நிறுவனம் பழக்கினது. மணந்து பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட மிதிவெடிகளையும் வெடிபொருட்களையும் காட்டிக் கொடுத்தது. 2020இல் அதற்கு இங்கிலாந்தின் பி.டி.எஸ்.ஏ. தங்கப் பதக்கம் கொடுத்தது. 2022 ஜனவரியில் அது செத்தபோது உலகம் முழுக்கச் செய்தி. எனக்கு அந்த எலியில் ஒரு கோபமும் இல்லை, வடிவான எலி. ஆனால் மன்னாரில் மிதிவெடி எடுத்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கோ பார்ப்பம்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்தியபோது அது காசு கொடுத்துவந்த கண்ணிவெடி அகற்றும் திட்டங்களும் அதில் அகப்பட்டன. எங்கேயோ ஒரு அலுவலகத்தில் போட்ட ஒரு கையெழுத்து, இங்கே ஒரு வாரியைக் கீழே வைக்கச் சொல்லும். இந்த வேலையின் நிலை அவ்வளவுதான்.

இருந்தாலும், ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மிதிவெடி விஷயத்தில் இந்த நாடு கொஞ்சம் ஒழுங்காக நடந்திருக்கு. 2002 சமாதான காலத்தில் நிறுவனங்கள் வந்தன. இராணுவம் தான் புதைத்த இடங்களின் பதிவுகளைக் கொடுத்தது. இராணுவத்தின் மிதிவெடியகற்றும் பிரிவே பெரிய பங்கு வேலையைச் செய்தது. அந்தப் பெடியளுக்கும் முழங்கால் நொந்துதான் இருக்கும். 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் தெரிந்த கண்ணிவெடி வயல்கள் எல்லாவற்றையும் துப்புரவாக்க வேண்டும் என்பது அதனால் வந்த கடமை. ஒரு திகதி இருக்கு, ஒரு வரைபடம் இருக்கு, எத்தனை சதுர மீற்றர் மிச்சம் என்று ஒரு கணக்கு இருக்கு. ஒரு இடத்தை முடித்தால் முடிந்தது என்று எழுதி ஊர்ச்சனத்திடம் கையளிக்கிற ஒரு வழக்கம் இருக்கு.

அதே மண்ணில் மிதிவெடியோடு சேர்ந்து வேறும் கிடக்கு.

2018 மார்ச். மன்னார் நகரத்துக்குள் நுழைகிற இடத்தில் பழைய சதொச கட்டடத்தை இடித்துப் புதிசு கட்ட அத்திவாரம் வெட்டினார்கள். வெட்டின மண்ணில் மனித எலும்பு வந்தது. நீதவானின் உத்தரவில் அகழ்வு தொடங்கியது. சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷ தலைமையில், களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் குழுவும் சேர்ந்து, 150 நாளுக்கும் மேல் கிண்டினார்கள். றோட்டால் போகிற சனம் தகர வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அதில் 20க்கும் மேற்பட்டவை சிறுவர்களுடையவை. ஒரு பகுதியில் மயானம் மாதிரி ஒழுங்காக, இன்னொரு பகுதியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

ஆறு மாதிரிகளை ஃபுளோரிடாவில் இருக்கிற பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். காணாமல் போனோர் அலுவலகம்தான் காசு கொடுத்தது. 2019 மார்ச்சில் முடிவு வந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டவை என்று. அவ்வளவுதான். அகழ்வு நின்றது. பத்திரிகையாளர் போய்விட்டினம். கொழும்பில் சிலர் 'பார்த்தீர்களா, யுத்தக் காலத்தது இல்லை' என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இங்கே சிலர் அந்த முடிவையே நம்பவில்லை. ஆறு எலும்பை வைத்து 300 பேருக்கும் திகதி போடலாமோ, வேறு ஆய்வுகூடத்தில் இன்னும் மாதிரிகள் பார்க்க வேண்டாமோ என்ற கேள்வி நியாயமான கேள்வி.

என்னுடைய ஆச்சரியம் அதுக்கும் முந்தினது. சரி, முடிவு சரியென்றே வைத்துக்கொள்வம். 400, 500 வருடத்துக்கு முந்தின 300 பேர், குழந்தைகளோடு, ஒரே இடத்தில். அது ஆர்? எப்படிச் செத்தினம்? 1544இல் சங்கிலி மன்னனின் ஆட்கள் மன்னாரில் புதிதாகக் கத்தோலிக்கரானவர்களைக் கொன்றார்கள். தோட்டவெளியில் அவர்களை வேதசாட்சிகளாக இன்றைக்கும் நினைவுகூருகிறார்கள். 1560இல் போர்த்துக்கீசர் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். அந்தக் காலத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்துபோயிருக்கும். ஆய்வுகூடம் சொன்ன கால இடைவெளிக்குள் இதெல்லாம் அடங்கும். இந்த எலும்புகள் அவர்களுடையதுதான் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கேட்கக்கூட ஒருத்தரும் மினக்கெடவில்லை என்றுதான் சொல்கிறேன். 'இது சமீபத்தைய கொலை இல்லை' என்பது பதில் மாதிரி வந்து, கேள்வியையே மூடிவிட்டுப் போனது.

விஞ்ஞானம் போதாது என்று சாட்டுச் சொல்ல ஏலாது. சதொசவிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் மாந்தை. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல்லின் குழு அங்கே அகழ்ந்தது. யுத்தம் வந்து வேலை நின்றது. யுத்தம் முடிந்த கையோடு 2009, 2010இல் திரும்ப ஒரு குழு வந்து மண்ணை அரித்துத் தானியமும் வாசனைத் திரவியமும் தேடினது. ஒரேயொரு கராம்பு கிடைத்தது. கிட்டத்தட்ட ஆயிரம் வருடப் பழசு. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் விளைந்து, கப்பலேறி மாந்தைக்கு வந்தது என்று கட்டுரை எழுதினார்கள். அந்தக் கட்டுரை வந்த வருடமும் 2018தான், சதொச வளவில் எலும்பு வந்த அதே வருடம். ஒரு கராம்பு எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல எங்கட மண்ணில் ஏலும். 300 மனிசர் எங்கேயிருந்து வந்தினம் என்று சொல்ல மட்டும் ஏலாதோ?

இன்னொன்றைக் கவனியுங்கோ. சதொச கட்டட வேலையில் கண்டது. அதற்கு முதல், 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் 80க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்த புதைகுழி, தண்ணீர்க் குழாய் போட வெட்டும்போது கண்டது. தொல்லியல் திணைக்களம் அது பழைய மயானம் என்று சொன்னது, காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 52 பேரின் எச்சங்கள் வந்த இடம், அதுவும் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டினது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தியில், மயானத்தில் தகனமேடை கட்ட வெட்டும்போது. அங்கே 200க்கும் மேல் வந்தது. ஒரு சின்னப்பிள்ளையோடு யுனிசெப் புத்தகப் பையும் வந்தது.

இதில் ஒன்றையும் ஒருத்தரும் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் மேசன்மாரும் குழாய் போடுகிறவர்களும் கண்டது. இந்த நாட்டில் காணாமல் போனவர்களைத் தேடுகிற உண்மையான திணைக்களம் தேசிய நீர் வழங்கல் சபைதான் என்று ஒரு பெடியன் பகிடியாகச் சொன்னான். பகிடிதான், ஆனால் கணக்குப் பார்த்தால் பிழையில்லை.

வரைபடத்தோடு தேடினது என்றால் எனக்குத் தெரிந்து முக்கியமானது ஒன்று. 1998இல், கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் நூற்றுக்கணக்கில் புதைத்திருக்கு என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டினார்கள், 15 உடல்கள் வந்தன. ஒரு கொலைக் குற்றவாளி, மரண தண்டனை விழுந்த பிறகு வாய் திறந்ததால் கிடைத்த வரைபடம். மற்ற ஆட்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இங்கேதான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மிதிவெடியைப் புதைக்கும்போது எத்தனை வரிசை, எத்தனை அடி இடைவெளி, எந்த மரத்திலிருந்து எந்தத் திசை என்று குறிக்கத் தெரிந்த ஒரு படை. குறித்ததைப் பிறகு கையளிக்கவும் தெரிந்த படை. தான் கைது செய்தவர்களைப் பற்றி, தன்னிடம் சரணடைந்தவர்களைப் பற்றி அதனிடம் ஒரு பதிவும் இல்லை என்றால் நான் நம்ப வேண்டுமோ? புலிகள் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்களும் இருக்கினம். அதற்கு ஆர் பதில் சொல்கிறது என்று கேட்டால் செத்துப்போனவர்களைக் காட்டுகிறோம், ஆனால் தப்பி இருக்கிறவர்களில் தெரிந்தவர்கள் ஒருத்தரும் இல்லையோ? 1990 ஒக்டோபரில் மன்னாரை விட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் சனத்துக்கு முன்னால் 'நாங்கள் மட்டும்தான் இழந்தம்' என்று நின்று கதைக்க எங்களுக்கு வாய் வராது. எல்லாப் பக்கத்திலும் ஆருக்கோ ஏதோ தெரியும்.

'மிதிவெடியும் புதைகுழியும் ஒன்றோ, மிதிவெடி எடுத்தால் ஒருத்தரும் மறியலுக்குப் போகத் தேவையில்லை' என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அதனால்தான் ஒன்றுக்குத் திகதி இருக்கு, மற்றதுக்கு இல்லை. மிதிவெடி எடுத்தால் படம் எடுக்க வெளிநாட்டுத் தூதுவர் வருவார். எலும்பு எடுத்தால் வழக்கு வரும்.

எனக்கு ஒரு யோசனை இருக்கு. பெரிய ஆட்கள் கேட்டால் சிரிக்கலாம், பரவாயில்லை.

2028 வந்து வேலை முடிந்தால், வடக்கில் மிதிவெடி அகற்றின நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மண்ணை மேலால் அமத்தாமல் பக்கத்தால் கரைக்கத் தெரிந்தவர்கள். குவிந்த மண்ணும் இயற்கை மண்ணும் நிறத்தில் எப்படி வேறுபடும் என்று கண்ணுக்குப் பழகினவர்கள். எடுத்த ஒவ்வொன்றையும் இடம், ஆழம், திகதி போட்டு எழுதப் பழகினவர்கள். வெயிலில், கவசத்தோடு, ஒன்றும் கிடைக்காத பத்து நாளைத் தாங்கத் தெரிந்தவர்கள். புதைகுழி அகழ்வுக்கு வேண்டிய பயிற்சியில் பாதி இதுதான். மற்றப் பாதியை, எலும்பை எப்படிப் படிக்கிறது, எப்படிப் பொதி செய்கிறது, நீதிமன்றச் சாட்சியமாக எப்படிக் காக்கிறது என்பதைப் பழக்கலாம். யாழ்ப்பாணத்தில் தொல்லியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கினம், மருத்துவ பீடம் இருக்கு. செம்மணியில் 2025இல் நிலத்தை ஊடறுத்துப் பார்க்கிற ராடாரைக் கொண்டுவந்து பார்த்தார்கள். கருவி நாட்டுக்குள்ளேயே இருக்கு என்று அர்த்தம். ஆர்ஜென்டினாவில் 1984இல் இதே வேலையைத் தொடங்கினவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கிளைட் ஸ்நோ என்ற எலும்பியல் நிபுணர் பழக்கிவிட்ட மாணவப் பெடியள்தான். அந்தக் குழு பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போய் வேலை செய்தது.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. தன்ர சொந்தத் தம்பியைத் தேடுகிற ஒரு பெண்ணிடம், ஆருடையது என்று தெரியாத எலும்பை எடுத்து இலக்கம் போடு என்று சொல்லலாமோ? நடுநிலை இல்லை என்று நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி எழும்பிக் கேட்பார், நிச்சயமாகக் கேட்பார். மேற்பார்வை வெளியாரிடம் இருந்தால் அதைச் சமாளிக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். இப்ப நடக்கிற மாதிரி, காசு முடிந்தால் குழியைத் தகரத்தால் மூடிவிட்டு அடுத்த ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கிறதைவிட அது மோசமாகாது.

இதை அந்த அக்காவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவ உடனே ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து வைத்தா.

"வெடியெண்டால் எடுத்துக் குடுத்திட்டு வீட்ட வந்து நித்திரை கொள்ளலாம் தம்பி. இதுக்கு நித்திரை வராது. ஆனா பழக்கினால் செய்வம். எங்கட கையால எடுத்தால் உடைக்காமல் எண்டாலும் எடுப்பம்." பிறகு கேட்டா, "சம்பளம் ஆர் தாறது? நிரந்தரமோ, இல்லாட்டி இதுவும் ஆறு மாசக் கொன்ராக்ட்டோ?"

அந்தக் கேள்விக்கு அரசிடம் பதில் வாங்கவேண்டும். புதைகுழிகளுக்கும் ஒரு கணக்கெடுப்பு, ஒரு நிரந்தரக் குழு, ஒவ்வொரு வருடமும் அதற்கென்று ஒரு ஒதுக்கீடு, இவ்வளவு காலத்துக்குள் இவ்வளவு இடம் என்று ஒரு திட்டம். மிதிவெடிக்குக் கேட்டு வாங்கின அதே நாலு விஷயம்தான். மன்னாரில் முதலில் தொடங்க வேண்டிய இடமும் தெரியும். சதொச வளவில் மிச்சம் கிண்டாமல் கிடக்கிற மண், நகரத்துக்குள் வருகிற எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால்தான் இருக்கு.